தூர்

நான் எழுதும் பேரரசின் பெயர் துகிரம்.
ஆயிரத்து நானூறு ஆண்டாக நிற்கிறது.
எண்பத்திரண்டு மன்னர்கள்,
தீ உமிழும் ஏழு யாளிகள்,
தலைநகரைச் சுற்றிப் பவழத்தில் மூன்று மதில்.
பொதுப்பணித் துறையில் எனக்கு லஸ்கர் வேலை.
ஒரு மடை திறந்து இன்னொன்றை அடைப்பதற்குள்
ஒரு மன்னனையாவது முடிசூட்டிவிடலாம்.

பூதப்பாண்டிக்கு வெளியே, தகரக் கொட்டகையில்,
மழைச் சத்தத்துக்குள்
பிரிஸ்கில்லா ஒன்பது அதிகாரம் வாசித்தாள்.
கைபேசியைச் சேலையில் துடைத்துத் திருப்பித் தந்தாள்.
"யாளி கொள்ளாம். சண்டையும் கொள்ளாம்.
ஆனா ஓய்,
ஆயிரத்து நானூறு வருசமா
இவனுவ வயலுக்கு வெள்ளம் விட்டது யாரு?"

மந்திரம், என்றேன்.

"மந்திரத்துக்குத் தூரு வாரண்டாமா?"

ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு
பேரரசுகளைப் பார்க்கப் போனேன்.
வட்டக்கோட்டைக் கல்லில் பாண்டியனின் மீன்.
அதற்கு மேலே எவனோ சுண்ணாம்பில்
காதலியின் பெயரை எழுதி
அரசாணை மாதிரி தேதியும் போட்டிருந்தான்.
உதயகிரியில் பீரங்கி வார்த்தார்களாம்;
இப்போது கம்பிவலைக்குப் பின்னால் ஒரு புள்ளிமான்
என் கையில் கடலை உண்டா என்று பார்த்தது.
பத்மநாபபுரத்தில்
மண் தமிழ்நாடு, அரண்மனை கேரளம்.
ராஜா போய், ராஜ்யம் போய், எல்லைக்கல்லும் நகர்ந்த பிறகு
டிக்கெட் கிழிக்கிறவரின் சம்பளம் மட்டும்
இன்னும் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது.
மேலே மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தது.
யார் முடுக்குவது என்று கேட்டேன்.
வழிகாட்டிக்குப் பெயர் தெரியவில்லை.
"ஆளு உண்டு," என்றார்.

துகிரத்தில் அந்த ஆள் இல்லை.

சாயங்காலம் குமரிமுனையில் சுண்டல் தின்றபடி
கடல் கொண்டதாகச் சொல்லும் நாட்டைப் பார்த்தேன்.
அதாவது, தண்ணீரைப் பார்த்தேன்.
உண்டு, இல்லை என்று பக்கத்து பெஞ்சில்
இரண்டு வாத்தியார்கள் மோதிக்கொண்டார்கள்.
இருந்ததோ இல்லையோ,
அதை இனி எந்தப் படையும் பிடிக்க முடியாது.
அங்கே யாருக்கும் பசிக்காது.
பஃறுளி ஆற்றுக்கு ஷட்டர் இல்லை, துருப்பிடிக்க.
என் துகிரமும் இந்த வகைதான் என்று பட்டது.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
சுண்டல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை கும்பப்பூவுக்கு வெள்ளம் திறக்கிற முறை.
பாண்டியன் கால் என்றுதான் இன்னும் பேர்.
பாண்டியன் போய் வேணாட்டான் வந்தான்,
திருவிதாங்கூர் வந்தது, பிறகு நாங்கள்.
கணக்குப் புத்தகத்தின் அட்டைதான் மாறியது.
பாசியோ எந்த அரசுக்கும் விசுவாசம்,
பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது.

பத்தாம் அதிகாரத்தை மதகுமேல் உட்கார்ந்து எழுதினேன்.
முப்பத்து மூன்றாம் மன்னனை இரவில் கொன்றார்கள்.
யாளிகள் மேற்கே பறந்துவிட்டன.
பவழ மதில் மூன்றும் விழுந்தன.
விடிவதற்கு முன்னால் ஒருத்தன்
தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
பிணங்களைத் தாண்டி மடைக்கு நடந்தான்.
சட்டென்று பெயர் வரவில்லை; உலகன் என்று வைத்தேன்.
"யார் உத்தரவு?" என்று புதுப் படையின் ஈட்டி மறித்தது.
"இன்னைக்குக் கீழப்பத்து முறை," என்றான்.
ஈட்டிக்காரனும் எந்த ஊரிலோ
வயல் உள்ளவன் போலிருக்கிறது.
விலகி நின்றான்.

பிரிஸ்கில்லா வாசித்தாள்.
விரலால் மேலே தள்ளி மறுபடியும் வாசித்தாள்.
"உலகனுக்கு இனி சம்பளம் யாரு குடுப்பா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.
அவளுக்கே மூன்று மாதம் பாக்கி.
தினக்கூலிப் பட்டியல் நாகர்கோவிலில்
ஒரு கையெழுத்துக்காக நிற்கிறது.

போன் அடித்தது.
கடைமடைக்கு வெள்ளம் எட்டவில்லையாம்,
தேரூர்ப் பக்கம் சத்தம் போடுகிறார்களாம்.
மம்பட்டியை அவள் எடுத்தாள், சாவியை நான்.
மன்னன் பாதி வரியில்
வாய் திறந்தபடி கிடந்தான்,
ஆள் வரும்வரை.